பலெர்மோவில் வாடகைக்கு விட்ட நாக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒயினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் குடித்த ஒயினை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் இருமல் மருந்து மூடியில் நான்கு மூடி வரும். அதிலும் இரண்டு மூடி, கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் கிராம்பு போட்டுக் காய்ச்சித் தந்தது. எங்கள் கோயம்புத்தூரில் ஆளுயர எழுத்தில் ‘ஒயின் ஷாப்’ என்று போர்டு வைத்த கடைகளில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், மாங்காய் ஊறுகாய் பாக்கெட் கிடைக்கும். ஒயின் கேட்டால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன், இன்னொரு மனிதரின் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒயின் நிபுணனாக உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வாயைத் திறந்தது நான்தான்.

நான் பார்ப்பது சொட்டுநீர்ப் பாசன வேலை. 2007 மே மாதம் கம்பெனி என்னை ஒரு வாரத்துக்குச் சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு அனுப்பியது. ஊரை ஒட்டிய சியாகுல்லியில், மற்ற இடங்களில் காய்த்து ஓய்ந்தபிறகு பழுக்கிற ஒரு வகை மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருக்கின்றன. அதற்கு அவர்கள் எப்படித் தண்ணீர் விடுகிறார்கள் என்று பார்த்து வரவேண்டும். மும்பையிலிருந்து ரோமுக்குப் போன விமானத்தில் தூக்கம் வரவில்லை. முன்சீட்டுப் பையில் இருந்த பத்திரிகையில் இத்தாலிய ஒயின் பற்றி எட்டுப் பக்கம் இருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை முடிக்கும்போது எனக்கு ஒயின் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பகல் இரண்டரை மணிக்கு பலெர்மோவில் இறங்கினேன். விமான நிலையம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸுக்கு ஐந்து யூரோ முப்பது சென்ட். அன்றைய கணக்கில் முந்நூறு ரூபாய். இடது பக்கம் கடல், வலது பக்கம் வழுக்கை மலை, நடுவில் நான், முந்நூறு ரூபாய்க்கு எத்தனை முறை உடுமலை போய்வரலாம் என்று யோசித்துக்கொண்டு.

பஸ் போய் நின்ற ரயில் நிலையத்தில் என்னைக் கூப்பிட வந்தவர் மரியதாஸ். முன்பு வந்துபோன எங்கள் ஆபீஸ்காரர் அவரிடம் சொல்லி, ஒரேத்தோ பகுதியில் அவர் இருந்த வீட்டில் ஓர் அறை பிடித்துத் தந்திருந்தார். நாளைக்குப் பதினெட்டு யூரோ, இரவுச் சாப்பாடு உட்பட. தாஸுக்கு முப்பத்தொன்பது வயது. மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர், மீன்பிடிக் குடும்பம். பலெர்மோவுக்கு வந்து ஆறு வருடம். எதற்கெடுத்தாலும் “ஓம்” என்றார். கழுத்தில் சிலுவை போட்ட மனிதர் இத்தனை தடவை ஓம் சொல்கிறாரே என்று முதல் அரைமணி நேரம் குழம்பினேன். அது வெறும் ‘ஆமாம்’தான் என்று புரிந்தபோது நாங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தோம்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை ஏழு மணிக்கு சியாகுல்லி. மத்தியானம் ஊரே கடையடைப்பு. ஏதோ தலைவர் தவறிவிட்டார் என்று முதல் நாள் நினைத்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று தாஸ் சொன்னார். நான்கு மணிக்குக் கடைகள் திறக்கும். சில கடைகள் நாலரைக்கு. சில கடைகள் எப்போது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. தெருவில் ஒன்றரை யூரோவுக்கு ‘பானெல்லே’ என்று ஒன்றை ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பஜ்ஜி போடுகிறவர் வாழைக்காய் வைக்க மறந்துவிட்டால் என்ன வருமோ அது. எனக்குப் பிடித்துப்போய் தினமும் இரண்டு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை சாயந்திரம், சாப்பாட்டு மேசையில்தான் அந்த விபத்து நடந்தது. சோறும் மீன் சொதியும் போட்டுக்கொண்டே தாஸ் மரியாதைக்காகக் கேட்டார்.

“அண்ணை, இத்தாலிக்கு வந்திட்டியள். வைன் பழக்கமோ?”

“பழக்கமாவதுங்களா? ஒரு வாய் குடிச்சா போதும், எந்தத் திராட்சை, எந்தப் பக்கத்து மண்ணு, எந்தச் சாப்பாட்டுக்குச் சேரும், எல்லாம் சொல்லிடுவேன்.”

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எட்டுப் பக்கமும் உள்ளே கிடந்து புரண்டுகொண்டிருந்தது, வெளியே வந்துவிட்டது. தாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். நான் சொதி நன்றாக இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. தாஸ் கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

“அண்ணை, உங்களிட்டை ஒரு உதவி.”

விஷயம் இது. தாஸ் ஆறு வருடம் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்தப் பெரியவர் மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அவரோடு ‘கொந்த்ராத்தோ’ என்கிற வேலை ஒப்பந்தமும் போய்விட்டது. இப்போது மாடிப்படி கழுவும் சில்லறை வேலை, தாள் எதுவும் கிடையாது. ஜூலையில் ‘பெர்மெஸ்ஸோ’ முடிகிறது. அதுதான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி. பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொந்த்ராத்தோ வேண்டும். கொந்த்ராத்தோ எழுத பெர்மெஸ்ஸோ கையில் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால்தான் மனைவி யசிந்தாவையும் ஒன்பது வயது மகளையும் மன்னாரிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட முடியும். அங்கே சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை கேட்டபோது எது முதல், எது பிறகு என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவையும் விளங்கவில்லை. ஜூலை என்பது மட்டும் விளங்கியது.

பொலிதேயாமா என்ற நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்பது மேசைச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் சிஞோரா கொன்செத்தா, அறுபது தாண்டிய பெண்மணி. அவருடைய சமையல்காரர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுகிறவர் தாஸ். இறந்த பெரியவர் இருந்ததும் அதே கட்டடம். அவருக்கு தாஸ் சமைத்தபோது வந்த வாசனை சிஞோராவின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

“திங்கட்கிழமை கடை பூட்டு. அண்டைக்கு மத்தியானம் வந்து சமைச்சுக் காட்டச் சொன்னவ. இத்தாலிச் சாப்பாடு வேண்டாமாம், அதைத் தானே பழக்குவாவாம். என்ரை சாப்பாட்டைத்தான் கேக்கிறா. ஆனா இந்த வைனோடை சேரவேணுமாம். அவவின்ரை தம்பி செய்யிற வைன். கடையிலை வேற வைன் இல்லை. இதுக்குச் சமைக்கத் தெரியாதவனுக்குத் தன்ரை குசினியிலை வேலை இல்லையாம்.”

“அப்புறம் என்னங்க? குடிச்சுப் பார்த்துட்டுச் சமைங்க.”

“நான் குடிக்கேலாது, அண்ணை. மடு மாதாவுக்கு நேர்த்தி. மனிசியும் பிள்ளையும் இஞ்சை வந்து சேரும்வரைக்கும் ஒரு சொட்டும் தொடுறேல்லை எண்டு.”

“பூசையிலயும்?”

“பூசையிலை அப்பம் மட்டும்தான் வாங்கிறனான்.”

“வாயில வச்சுக் கொப்புளிச்சுத் துப்பிடலாங்களே. பெரிய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க.” பத்திரிகையில் ஐந்தாம் பக்கம்.

“மாதாவுக்கு முன்னாலையோ துப்பச் சொல்லுறியள்?”

குடும்பத்தைக் கூப்பிட வேலை வேண்டும், வேலைக்கு ஒயின் ருசி தெரியவேண்டும், ருசி பார்க்கக் குடும்பம் வந்து சேரவேண்டும். இந்த வட்டத்தை வெட்ட தாஸுக்கு ஒரு வெளி நாக்கு தேவைப்பட்டது. நான் முந்தின நாள்தான் என்னுடையதை விளம்பரம் செய்திருந்தேன்.

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளை வாசிக்கிற மாதிரி உதட்டை அசைத்தேன்.

செரசுவோலோ தி வித்தோரியா. தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள வித்தோரியா என்ற ஊரின் சிவப்பு ஒயின். இரண்டு திராட்சைகளின் கலவை என்று சிஞோரா சொன்னதை தாஸ் அப்படியே ஒப்பித்தார். நேரோ தாவோலா என்பது கறுத்து, கனத்து, உடம்போடு இருக்கும். ப்ராப்பாத்தோ என்பது வெளுப்பு, லேசு, மணம். கனத்ததில் பாதிக்கு மேல், மிச்சம் லேசானது. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. காபித்தூள் அரைத்து வாங்குகிற ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? பிளான்டேஷன் கொட்டை இவ்வளவு, பீபெரி இவ்வளவு, ஒன்று கசப்புக்கு, ஒன்று மணத்துக்கு. “கலவைதானுங்க எல்லாம்” என்றேன் கம்பீரமாக. பலெர்மோவில் நான் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். பத்திரிகை இந்த மாதிரி ஒயினில் செர்ரிப்பழ மணம் இருக்கும் என்று சொல்லியிருந்தது. எனக்குத் தெரிந்த செர்ரி, பேக்கரியில் தேன் கேக்கின் தலையில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். மூக்கை உள்ளே விட்டுத் தேடினேன். கேக் வாசனை துளியும் இல்லை.

“கெட்டுப்போச்சுங்க போல.”

தாஸ் முகம் வெளிறிவிட்டது. சிஞோரா கையால் தந்த பாட்டில் அது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பல்லரோ சந்தை. சிவப்புக் கித்தான் நிழலில் எல்லா மீனும் ஆரோக்கியமாகத் தெரிந்தது, என்னையும் சேர்த்து. விற்கிறவர்கள் கூவுவது பாட்டா சண்டையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு பழக்கடையில் கருஞ்சிவப்பில் குட்டிக் குட்டியாக ஏதோ குவித்திருந்தார்கள், கிலோ மூன்று யூரோ. காட்டுக் களாக்காய் போல என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாஸ் ஒன்றைக் காம்போடு பிடுங்கி என் வாயில் போட்டார்.

“இதுதான் அண்ணை செர்ரி.”

மென்றேன். முந்தின நாள் பாட்டிலிலிருந்து மூக்குக்கு வந்த அதே மணம். எங்கள் பேக்கரிக்காரர் இத்தனை வருடமாகச் சீனிப்பாகில் சாயம் போட்ட களாக்காயைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார் என்று புரிந்தது. பாட்டில் கெடவில்லை என்று தாஸிடம் சொன்னேன். அவர் “ஓம்” என்றார். ஆனால் அதற்குமேல் என்னைப் பார்க்கும் பார்வையில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மீன் கடைக்கு முன்னால் நாங்கள் மோதிக்கொண்டோம். மே மாதம் தூனா காலம். நம் ஊர்ச் சூரை மீனின் பெரியண்ணன். ஆள் நீளத்துக்கு ஒன்று பலகையில் படுத்திருந்தது. கிலோ பதினான்கு யூரோ. தாஸ் அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதுவரை குனிந்தே நடந்த மனிதர் அங்கே நிமிர்ந்து நின்றார்.

“அண்ணை, மீன் எண்டால் என்ரை கை பிழைக்காது.”

“வேண்டாமுங்க. சிவப்பு ஒயினுக்கு மாமிசம், வெள்ளை ஒயினுக்கு மீன். இது உலகச் சட்டம்.” இரண்டாம் பக்கம், கட்டம் போட்ட பகுதி.

தாஸ் மீன்காரரிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். மீன்காரர் கத்தியை நிறுத்தாமலே நீளமாகப் பதில் சொன்னார்.

“என்ன சொல்றாருங்க?”

“இந்த வைனுக்குத் தூனாதானாம். கத்தரிக்காயைத் தக்காளி, வினிகிரி போட்டுச் செய்யிற கப்பொனாத்தாவும் நல்லாய்ச் சேருமாம். வைன் பெரிய கனம் இல்லையாம், அதாலை மீனை அமத்தாதாம். கொஞ்சம் குளிர வைச்சுக் குடிக்கவேணுமாம்.”

“மீன் விக்கறவரு வேற என்ன சொல்லுவாருங்க? ஆட்டுக்கறிக் கடைக்குப் போவோம்.”

கிலோ பன்னிரண்டு யூரோவுக்கு இரண்டு கிலோ ஆட்டுக்குட்டிக் கறி வாங்கினோம். பளபளவென்று உருண்டைக் கத்தரிக்காய் நாலு. திரும்பும்போது தாஸ் “வீட்டுக்கு” என்று முணுமுணுத்தபடி தூனாவில் ஒரு சிறிய துண்டும் வாங்கினார். ஒரு சின்ன ஆசை, இருக்கட்டும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலைத் தமிழ்ப் பூசை முடிந்து பதினொன்றரைக்கு வந்தோம். பகல் ஒரு மணிக்கு ஒத்திகை. மேசையில் மூன்று தட்டுகள். வறுத்த மிளகாய்த்தூள் போட்ட ஆட்டுக்கறி. கத்தரிக்காய்ப் பால்கறி. ஓரத்தில், சும்மா வைத்த மாதிரி, மஞ்சளும் மிளகும் பிரட்டிப் பொரித்து, லேசாகப் புளி விட்ட தூனா. பாட்டில், ஒரு டம்ளர் ஒயின், ஒரு சொம்பு தண்ணீர். எதிரே தாஸ், கையில் பென்சிலும் பழைய கடித உறை ஒன்றும். நான் சொல்வதை எழுதிக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். நிறுத்தி நிதானமாகப் பேசினேன்.

ஆட்டுக்கறி ஒரு வாய், ஒயின் ஒரு வாய். வாய்க்குள் யாரோ விறகு அடுக்கியது போல இருந்தது. அணைக்க இன்னும் ஒயின் விட்டேன். எண்ணெய் விட்ட மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர். இது நல்லதா கெட்டதா என்று எட்டுப் பக்கத்தில் எங்கேயும் சொல்லவில்லை.

“எப்பிடி அண்ணை?”

“பிரமாதமுங்க. ரெண்டும் ரெண்டு சிங்கம்.” சொம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன்.

கத்தரிக்காய், ஒயின். மீன், ஒயின். மறுபடி ஆடு. முதல் டம்ளரில் நாவல்பழ மணம் என்றேன். இரண்டாவதில் நாவல் இல்லை, மாதுளை என்றேன். மூன்றாவதில் மழை பெய்த மண் என்றேன். நாலாவதில் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. தாஸ் அவ்வப்போது உறையில் ஒரு கோடு கிழித்தார். நான் நீளமாகப் பேசியபோதெல்லாம் பென்சில் சும்மா கிடந்தது. பேச்சை நிறுத்திக் கையை நீட்டினால் கோடு விழுந்தது. போதையில் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“முடிவாச் சொல்றேனுங்க. ஆடுதான். கண்ணை மூடிட்டு ஆட்டை வைங்க.”

“ஓம்” என்றார் தாஸ், உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி.

திங்கட்கிழமை. காலையில் நான் எழுந்தபோது தாஸ் சந்தைக்குப் போய்த் திரும்பியிருந்தார். பதினொன்றரைக்குப் பஸ் ஏறினோம். டிக்கெட் ஒரு யூரோ. தாஸிடம் இரண்டு பாத்திரங்களும் ஒரு பையும். ஆட்டுக்கறிப் பாத்திரத்தை என்னிடம் தந்தார். மடியில் வைத்துக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன். என் நிபுணத்துவம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. தாஸ் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யசிந்தா நேத்துப் போனிலை கேட்டவ” என்றார் திடீரென்று. “பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை அடுத்த வருசத்துக்குப் பதியட்டோ வேண்டாமோ எண்டு. நான் நாளைக்குச் சொல்லுறன் எண்டனான்.”

அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் கனத்தது.

சிஞோரா கொன்செத்தா கதவைத் திறந்தார். குட்டையான உருவம், வெள்ளைத் தலை, மாவு ஒட்டிய முன்கை. லண்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினோரு வருடம் இருந்தவர் என்பதால் ஆங்கிலம் வரும். ஆனால் தந்தி அடிப்பதுபோல்தான் பேசுவார். தாஸை உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்கள்?”

“ஒயின்” என்றேன்.

அவர் ஒரு பாட்டிலையும் இரண்டு தடித்த கண்ணாடி டம்ளர்களையும் என் முன்னால் வைத்தார். “திறங்கள். கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

மூச்சு விடுவது என்றால் காற்றுப் படுவது. பத்திரிகையில் ஏழாம் பக்கம். காற்றுப் பட வைக்க ஒரு கோயம்புத்தூர்க்காரனுக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஒரு டம்ளரில் பாதி ஊற்றினேன். அதை வலது கையில் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடது கையில் தொடைக்குக் கீழே பிடித்து, டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல ஓர் இழுப்பு இழுத்தேன். சிவப்பாக ஒரு கயிறு இறங்கியது. திருப்பி ஒரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் இளஞ்சிவப்பாக நுரை கட்டியது. நாலாவதில் கயிறு அறுந்து வெள்ளை மேசைவிரிப்பில் விழுந்தது.

சமையலறைக் கதவில் தாஸின் முகம் ஒரு கணம் தெரிந்தது. பேசாலையில் புயல் எச்சரிக்கை கேட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சிஞோரா நுரை டம்ளரை எடுத்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னும் ஒரு வாய் குடித்தார். பிறகு பாட்டிலை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மேசையின் கோடியில் இருந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். எனக்குப் புரிந்தது, பாட்டில், டம்ளர்களிலிருந்து தள்ளி உட்காரச் சொல்கிறார்.

உட்காரவில்லை. சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்பில் இரண்டே சட்டிகள். ஒன்றில் கத்தரிக்காய், தேங்காய்ப்பால் குறைத்து, கடைசியில் ஒரு கரண்டி வினிகர் விட்டு. இன்னொன்றில் பெரிய பெரிய துண்டுகளாகத் தூனா, மிளகு, மஞ்சள், புளி ஒரு நிழல். மிளகாய்த்தூள் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் சோற்றைப் பிசைந்து உருட்டிப் பொரித்த உருண்டைகள். என் ஆட்டுக்கறிப் பாத்திரம் மூடியோடு தரையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

“ஏனுங்க, மீனை வச்சிருக்கீங்க? ஆடு எங்கீங்க?”

“அது எங்களுக்கு. பின்னேரம் சாப்பிட.”

“அப்ப எதுக்குங்க நான் மடியில தூக்கிட்டு வந்தேன்?”

“வீட்டிலை விட்டிட்டு வந்தால் ஏன் எண்டு கேட்டுக் கதைச்சுக்கொண்டு இருந்திருப்பியள். பஸ் போயிருக்கும்.”

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து என் கையில் தந்தார். இரண்டு பத்திகள். ஒன்றின் தலையில் ‘வைன்’, மற்றதில் ‘தண்ணி’. ஆட்டுக்கு நேராகத் தண்ணிப் பக்கம் ஒன்பது கோடு, வைன் பக்கம் இரண்டு. கத்தரிக்காய்க்கு வைன் ஐந்து, தண்ணி ஒன்று. மீனுக்கு வைன் ஏழு, தண்ணிப் பக்கம் வெறும் வெள்ளை.

“நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை, அண்ணை. எதைத் திண்டிட்டு எதை எடுக்கிறியள் எண்டு உங்கடை கையைத்தான் பாத்தனான்.”

எனக்கு ரோஷம் வரவேண்டும். வந்ததா, சிரிப்பு வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சியாகுல்லித் தோட்டத்தில் செடி எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க மண்ணில் ஒரு கருவி குத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கருவிக்கும் தன் வேலை என்ன என்று தெரியாது.

“அப்ப நான் எதுக்குங்க?”

“நாக்கு வேணும்தானே. கதை வேண்டாம்.”

ஒன்று பத்துக்குச் சிஞோரா சாப்பிட உட்கார்ந்தார். தாஸ் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டார். கழுவிய கரண்டியை மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. கோடி நாற்காலியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நானும் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். கத்தரிக்காய், கை டம்ளருக்குப் போனது. சோற்று உருண்டையை உடைத்து, மோந்து, உள்ளங்கையில் எடைபோட்டு, சாப்பிட்டார். மீன். கை டம்ளருக்குப் போய், பாதி வழியில் நின்றது. கை திரும்பி ரொட்டிக்குப் போனது. ரொட்டியைப் பிய்த்து மீன் குழம்பைத் துடைத்தது. பிறகு மறுபடி டம்ளர். அதற்கு எந்தப் பத்தியில் கோடு போடுவது? உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நானும் ஒரு துண்டு மீன் எடுத்து ஒரு வாய் குளிர்ந்த ஒயினும் குடித்தேன். எட்டுப் பக்கத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த ஒயின் மீனுக்கு வழிவிட்டு ஒதுங்கி, பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. அது செர்ரியா, வேறு எதுவா என்று தெரியாது. எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பிறகு மோர் வருகிற ஒழுங்கு மாதிரி, ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று. கோயம்புத்தூரில் நான் இதுவரை சாப்பிட்டதை எல்லாம், எதோடு எது சேர்கிறது என்று யாரோ எனக்கு முன்பே பார்த்து வைத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தவன். இங்கே ஒரு மனிதர் தான் தொடவே முடியாத ஒன்றுக்கு, அடுத்தவன் கையைப் பார்த்துச் சமைத்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு விமானம். ஊருக்குப் போனால், ஒயின் எப்படி என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போகப்போகிறேன்.

ஒன்றே முக்காலுக்குச் சிஞோரா தட்டை நகர்த்தினார். துடைத்த தட்டு. பாட்டிலின் கார்க்கைத் தேடினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அவர் அருகில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிக் கேட்டேன். மீனுக்குக் கை பாதியில் நின்றதே, அது புளி அதிகமா, உப்புக் குறைவா? நேரோ தாவோலா மிளகோடு முட்டுகிறதா, ப்ராப்பாத்தோதான் சமாளிக்கிறதா? கத்தரிக்காய்க்கு முதல் மார்க்கா, மீனுக்கா? மேசைவிரிப்புக் கறை என்னுடைய தவறு, அதை தாஸ்மேல் ஏற்றவேண்டாம். நான் ஆற்றியது எங்கள் ஊர் வழக்கம், சமைத்தவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர் கார்க்கைப் பாட்டிலில் அழுத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு, பெர்மெஸ்ஸோவோடு வரச் சொல்லுங்கள்.”